மனசு வைத்தால் மட்டும் போதுமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் நடக்கிற பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. புதிதாக ரிப்போர்ட்டும் கையுமாக வந்து சேர்கிறவர்களுக்கு எது சாப்பிடலாம், எது கூடாது என்பதெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். தெரிந்தும் ஏன் ஒரு மாதத்துக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை அளவு, ஊசி அளவு பற்றி இங்கே எதுவும் கிடையாது.

மனசு வைத்தால் முடியாதது உண்டா? எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதானே?

மனசு வைப்பதில் நமக்குக் குறையே கிடையாது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1 என்று முதல் ரிப்போர்ட் வந்த அன்று எனக்கு வந்த வைராக்கியம் சொல்லி மாளாது. அன்றைக்கே சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சோற்றை நிறுத்தினேன். மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடந்தேன். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், கேழ்வரகுக் களி என்று சமையலறையே நாட்டு மருந்துக் கடை மாதிரி ஆனது. அடுத்த டெஸ்ட்டில் 6.8. லேபிலிருந்து திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி கால் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

விஷயம் அந்த ஜாங்கிரியில்தான் இருக்கிறது. மூன்று மாதமும் நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். உறுதியில் ஒரு குறையும் இல்லை. செய்த வேலையை மனசுக்குள் என்னவாக வைத்திருந்தேன் என்பதில்தான் கோளாறு. தண்டனையாக வைத்திருந்தால் விடுதலை என்றைக்கு என்று மனசு நாள் எண்ணும். பரீட்சையாக வைத்திருந்தால் ரிசல்ட்டோடு முடிந்துபோகும். பல் தேய்ப்பதை யாரும் இந்த இரண்டிலும் சேர்ப்பதில்லை. அறுபது வயதிலும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மனநிலை, மனப்பான்மை என்று பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்களே, நடைமுறையில் நான் கண்டது இவ்வளவுதான்.

எத்தனை நாள் விடாமல் செய்தால் பழக்கமாகும்? 21 நாளா, ஒரு மண்டலமா?

அந்த 21 நாள் கணக்குக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அது வாய்வழியாகப் பரவியதில் "குறைந்தது" என்ற வார்த்தை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மூக்கு பழகுவதும் நடைப்பயிற்சி பழகுவதும் ஒன்றா என்று யாரும் கேட்கவும் இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை நேராகவே பார்த்தார்கள். 2010இல் அச்சான ஆய்வு அது. 96 பேர், 12 வாரம், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். யோசிக்காமலே கை தானாகப் போகிற நிலைக்கு வர, நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கங்கள் சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சி இழுத்தது.

ஆகவே 22ஆம் நாள் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றினால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. நாள் எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் மூன்று மாதத்துக்கு "இன்னும் பழகவில்லையே" என்ற கேள்வியையே கேட்காதீர்கள். மண்டலக் கணக்கு 48 நாளும் மோசமில்லை, 21ஐவிட நியாயமாகத்தான் இருக்கிறது.

மாலை போட்டால் 41 நாள் எல்லாவற்றையும் விட முடிகிறது. மற்ற நாளில் ஏன் முடிவதில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் என் தம்பி வீட்டில் இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அவனுக்கும் சர்க்கரை உண்டு. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா. கார்த்திகை முதல் தேதி குருசாமி கையால் மாலை கழுத்தில் விழுகிறதோ இல்லையோ, அந்த நிமிடத்திலிருந்து சிகரெட் கிடையாது. காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், வெறும் தரையில் படுக்கை, ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு. யாரும் நினைவூட்டுவதில்லை. அவனும் கஷ்டம் என்று சொல்வதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்று சாயங்காலமே பெட்டிக்கடை வாசலில் நிற்பான்.

பக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் பக்தி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் அவன் பெயர் மாறுகிறது. பெண்டாட்டி முதல் டீக்கடைக்காரர் வரை "சாமி" என்கிறார்கள். சாமி எப்படிப் பற்றவைக்கும்? அப்புறம், தினமும் முடிவெடுக்கிற வேலை இல்லாமல் போகிறது. "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு" என்று மனசுக்குள் நடக்கிற பேரம் அந்த 41 நாளும் நடப்பதில்லை, முடிவுதான் ஒன்றாம் தேதியே எடுத்தாயிற்றே. சுற்றி இருக்கிறவர்களும் மாறிவிடுகிறார்கள். மற்ற நாளில் "அட, ஒண்ணு போடு மாப்ளே" என்று நீட்டுகிற அதே கை, கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் பின்னால் போகிறது.

அப்படியானால் ஏன் நிலைப்பதில்லை? கழற்றுகிற தேதி ஆரம்பத்திலேயே தெரியும் என்பதால். அந்த 41 நாளும் அவன் மனசில் தான் ஒரு சிகரெட் குடிக்கிறவன்தான், இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறான். நானும் ஜாங்கிரி வாங்கிய அன்று வரைக்கும் "இனிப்புக்காரி, இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன்" என்றுதான் இருந்தேன்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: மாலைக்குள் இருக்கும் சூட்சுமங்களை எல்லாம் கடன் வாங்கலாம், கழற்றும் தேதியை மட்டும் விட்டுவிடலாம். "எடை குறையும் வரைக்கும் நடக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "நான் சாயங்காலம் நடக்கிற ஆள்" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மழை பெய்கிற அன்று இரண்டு வாக்கியமும் இரண்டு விதமாக வேலை செய்யும். முதல் வாக்கியம் "இன்னிக்கு ஒரு நாள் நடக்காவிட்டால் எடை ஏறிவிடுமா" என்று கேட்கும். இரண்டாவது குடையைத் தேடும்.

தம்பி இன்னும் சிகரெட்டை விடவில்லை. ஆனால் விரத காலத்து இரவுச் சாப்பாடு, ஏழரைக்குள் இரண்டு சப்பாத்தி, அது மட்டும் போன வருடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. கேட்டால், "அது நமக்குப் பழகிடுச்சுக்கா" என்கிறான். "நமக்கு" என்று சொன்னான் பாருங்கள், அதைக் கவனித்தேன்.

(இடையில் ஒன்று: சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் விரதம் இருப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் கால் வெந்தது தெரியாமலே நடந்து வந்தவர்கள் உண்டு.)

விசேஷ வீட்டில் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துகிறார்கள். எப்படி மறுப்பது?

"சாப்பிடக் கூடாது" என்று சொல்லாதீர்கள். "சாப்பிடுறதில்லை" என்று சொல்லுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. "கூடாது" என்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டாக்டர் தடுத்திருக்கிறார், மகள் திட்டுவாள். உடனே எதிரில் இருப்பவர் உங்கள் பக்கம் நின்று அந்தத் தடையை உடைக்க ஆரம்பிப்பார்: "டாக்டர் அப்படித்தான் சொல்வாங்க, ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" பேரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள்தான். இதையே அமெரிக்காவில் வெனெசா பாட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். தின்பண்டம் எதிரில் இருக்கும்போது "எனக்குக் கூடாது" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிக்கொண்டவர்கள் அதிகம் தாக்குப்பிடித்தார்கள்.

ஆய்வு இல்லாமலும் நமக்கு இது தெரியும். "செவ்வாய்க்கிழமை நாங்க கவுச்சி சாப்பிடுறதில்லை" என்று சொன்னால் எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஏன், எதற்கு, ஒரே ஒரு துண்டு என்று யாராவது கேட்டதுண்டா? அதே குரலில் லட்டுக்கும் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு தடவை உங்களுக்கே சிரிப்பு வரும்.

எல்லாரையும் கவனித்தபின்தான் என்னைக் கவனிக்க முடியும். எனக்காக நேரம் ஒதுக்கினால் சுயநலமாகத் தோன்றுகிறது. என்ன செய்ய?

இதைக் கேட்கிறவர்கள் எல்லாருமே பெண்கள். ஒரு ஆண்கூட இதுவரை கேட்டதில்லை.

காலை எட்டே காலுக்கு எங்கள் சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூன்று டிபன் பாக்ஸ் போயாயிற்று. சின்னவன் தட்டில் ஒன்றரை இட்லி, ஓரத்தில் சட்னி காய்ந்துபோய். பெரியவள் தோசையின் முறுகலான ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை வைத்திருப்பாள். தட்டைத் தொட்டியில் போடுவதற்கு முன், நின்றபடியே, அந்த ஒன்றரை இட்லி என் வாய்க்குள் போகும். அப்புறம் தோசை நடு. "வீணாப் போகுதே." அதற்கப்புறம் ஒன்பதரைக்கு எனக்கென்று இரண்டு இட்லி. டயட் டாக்டரிடம் நான் சொன்ன கணக்கு இரண்டு இட்லி. அந்த ஒன்றரையும் தோசை நடுவும் எந்தக் கணக்கிலும் வராதவை, ஏனென்றால் அவற்றை நான் சாப்பாடாகவே நினைக்கவில்லை. குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன். என்னை நான் எங்கே வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், ஆனால் அவர்களும் கடைசியில்தான் சாப்பிட்டார்கள். பார்த்து வளர்ந்தது சொல்லைவிட ஆழமாக இறங்கிவிட்டது. அதனால் "நீ முக்கியம், உன்னை நேசி" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு உதவியது வேறு. ஒரு தட்டு, ஒரு நாற்காலி, எட்டரை மணி. உட்கார்ந்து சாப்பிடுவது. முதல் வாரம் மாமியார் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாவது வாரம் அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயதில், அந்த வீட்டில் அவர் சூடாக இட்லி சாப்பிட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மனசு மாறிய பிறகு பழக்கம் வரும் என்று காத்திருக்காதீர்கள். பல நேரம் நாற்காலி முதலில் வரும், மனசு பின்னால் வந்து உட்காரும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மொத்தமும் போய்விடுகிறதே?

"முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு" என்று நமக்கு ஒரு பழமொழி இருக்கிறது. பழக்கத்தைக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை. காலையில் ஒரு மைசூர்பாக் சாப்பிட்டுவிட்டோம், இன்றைய நாள் போச்சு, அப்படியானால் மதியம் பிரியாணியே சாப்பிடலாம், நாளையிலிருந்து பார்க்கலாம். நாளைக்கு சனிக்கிழமை. சரி, திங்கள்.

கனடாவில் பீட்டர் ஹெர்மன், ஜேனட் போலிவி என்ற உளவியலாளர்கள் இதே கூத்தைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். டயட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை எதிரில் வைத்தால், வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவர்கள்தான் இன்னும் அதிகம் சாப்பிட்டார்கள். டயட் உடைந்தாயிற்று, இனி என்ன என்ற எண்ணம்தான் அவர்களைத் தின்ன வைத்தது.

முன்னே சொன்ன லண்டன் ஆய்விலும் இதற்கு ஒரு ஆறுதல் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. எங்கள் மைதானத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வராத ஆளிடம் "ஏன் நேத்து வரலை" என்று யாரும் கேட்கக் கூடாது. முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கேட்டால், அடுத்த நாள் பதில் சொல்லவேண்டுமே என்று அவர் இன்னொரு நாளும் வருவதில்லை.

எங்கள் வம்சத்துக்கே சர்க்கரை. அப்பா, அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் இருந்தது. என்ன செய்தாலும் வரத்தானே போகிறது?

வம்சம் உண்மை. "என்ன செய்தாலும்" என்பது உண்மை இல்லை.

இதற்கு லண்டன், அமெரிக்கா எல்லாம் போகவேண்டாம், சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை வருவதற்கு முந்தைய எல்லைக்கோட்டு நிலையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாடு என்று விடாமல் வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது. அவர்கள் செய்தது பெரிய தவம் ஒன்றும் இல்லை: தினம் அரை மணி நேர நடை, சர்க்கரையையும் மாவுப்பண்டங்களையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் இதே குழுவினர் வேலைக்குப் போகும் 537 ஆண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்குச் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடத்தில் செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், வந்தவர்களில் 18 பேருக்கும் சர்க்கரை வந்தது.

39 என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் பாருங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். "நீ ஒழுங்கா இருந்திருந்தா வந்திருக்காது" என்று யாரையும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தலைவிதி என்று கையை விரிப்பதும் தப்பு, எல்லாம் உன் கையில்தான் என்று குற்றம் சாட்டுவதும் தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பதினாறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று நினைத்து நடப்பதுதான் என் கணக்கு.

10,000 அடி நடக்க முடியவில்லை. 4,000 நடந்து என்ன லாபம்?

10,000 என்ற கணக்கை மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கே, "பத்தாயிரம் அடி மீட்டர்". பெயர் நன்றாக இருந்தது, எண் நின்றுவிட்டது. வயதான பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, ரொம்பக் குறைவாக நடந்தவர்களைவிட மரண அபாயம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

எட்டாத எண்ணை வைத்துக்கொண்டு தினமும் தோற்பதைவிட 4,000ஐ வைத்துக்கொண்டு ஜெயியுங்கள்.

வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சிதானே?

பாதி ஆமாம். அலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் 2007இல் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏழு ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்கள். அதில் ஒரு பகுதியினரிடம் மட்டும், "நீங்கள் படுக்கை விரிப்பதும் தரை துடைப்பதும் நல்ல உடற்பயிற்சி, மருத்துவர்கள் சொல்லும் அளவுக்கு மேலேயே செய்கிறீர்கள்" என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்தன. வேறு எதுவும் மாற்றிக்கொண்டதாக அவர்கள் சொல்லவில்லை.

நினைப்பே எடையைக் குறைத்தது என்று இதை வைத்துக் கோட்டை கட்டிவிட வேண்டாம். சின்ன ஆய்வு, அவர்களே அறியாமல் இன்னும் கொஞ்சம் வேகமாகத் துடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேறு. செய்கிற வேலைக்கு மரியாதை கிடைத்தால் கை வேறு மாதிரி அசையும். மாடிப்படி ஏறித் துணி காயப்போடுவதை இப்போது நான் சலிப்போடு செய்வதில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மைதானத்துக்குப் போகாமல் இருப்பதும் இல்லை.

காலையில் எழவே முடியவில்லை.

எழ வேண்டாம். நடைக்குக் காலைதான் நல்லது என்று எந்தச் சட்டமும் இல்லை. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால், ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசைகள் அப்போதே இழுத்துக்கொள்ளும். எங்களில் பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் ஒரு சுற்று சுற்றுகிறவர்கள்.

நேரத்தைவிட ஒரு முளைக்குச்சி முக்கியம். ஏற்கெனவே அசையாமல் நடக்கிற ஒரு காரியத்தில் புதியதைக் கட்டிவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்: "இனிமேல் நடப்பேன்" என்பவரைவிட "இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்பவர் செய்து முடிப்பது அதிகம். என் காலை மாத்திரை டப்பா காபி டபராவுக்குள் இருக்கிறது. டபராவை எடுக்காமல் எனக்குப் பொழுது விடியாது. மருந்துப் பெட்டியில் இருந்தவரை வாரத்தில் இரண்டு நாள் மறப்பேன்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வெகுதூரம் போகாதீர்கள். சட்டைப் பையில் நாலு ஆரஞ்சு மிட்டாய் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. தை முதல் தேதி, பிறந்தநாள், திங்கள்கிழமை எல்லாம் மனசுக்கு ஒரு புதுக் கணக்குப் புத்தகம் கொடுக்கும். ஆனால் "ஆடி போகட்டும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்கப் போடவேண்டுமே என்று தள்ளிப்போடுகிறேன்.

கண்ணாடி போட்டவர் யாரும் கண்ணிடம் தோற்றுவிட்டதாக நினைப்பதில்லை. மாத்திரைக்கு மட்டும் ஏன் அந்த நினைப்பு? இதில் மனசைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

எதிலும் மனசு ஒட்டவில்லை. நடை மட்டுமில்லை, குளிக்கக்கூடத் தோன்றுவதில்லை. இதற்கும் மனநிலையை மாற்றிக்கொண்டால் சரியாகுமா?

இல்லை. இங்கே நான் எழுதியதில் எதுவும் இதற்குப் பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது சோம்பேறித்தனம் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போல இதற்கும் போகவேண்டும். டெலி மானஸ் என்ற அரசு தொலைபேசிச் சேவை 14416இல் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள், எதில் ஆரம்பிப்பது?

சர்க்கரை உள்ளவராக இருந்தால், பாதத்தில். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்ப்பது. குனிய முடியாவிட்டால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்ப்பது. விரல் இடுக்கில் ஈரம், வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் ஏதாவது இருக்கிறதா. ஒரு நிமிட வேலை. என் சித்தி ஒரு முழு நாள் செருப்புக்குள் ஊக்கு ஒன்றோடு சந்தைக்குப் போய்வந்தார். வலிக்கவே இல்லை. ராத்திரி பாய் நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் ரத்தம் என்று தெரிந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டார்கள்.

இதிலேயே ஆரம்பிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதையும் விடச் சொல்லாத பழக்கம் இது. இனிப்பையும் பறிக்காது, தூக்கத்தையும் பறிக்காது. மனசு எதிர்த்து நிற்க ஒன்றுமே இல்லை.

நீங்கள் இப்போது எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறீர்களா?

இல்லை. போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணம், பதினோரு நாள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் 7.4. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்பாக இருந்தால் அன்றைக்கே சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். இந்தத் தடவை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மைதானத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது, பள்ளி ஆண்டு விழாவாம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவிலேயே ஆறு சுற்று நடந்தேன். நாலாவது வீட்டு நாய் இரண்டு சுற்று கூடவே வந்துவிட்டு, அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது.